மைக் செட் நின்ற விளையாட்டு விழா

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில் ஓர் அரசுப் பள்ளிக்கு என்னைப் பி.டி. மாஸ்டராகப் போட்டார்கள். முதல் நாள் ஹெட்மாஸ்டர் பள்ளியின் விளையாட்டுச் சொத்துகளைக் காட்டினார். காற்று இறங்கிய ஒரு வாலிபால், ஒரு விசில். அவ்வளவுதான்.

"விசில் பத்திரம் சார். போன மாஸ்டர் எடுத்துனு போய்ட்டாரு. ஆள் அனுப்பி வாங்கினு வந்தோம்" என்றார்.

என் பதவியின் எடை எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

1. எதிலும் சேராத பிள்ளை

பூங்காவனத்துக்கு எட்டு வயது இருக்கும். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். பேச்சும் கிடையாது. பள்ளி முற்றத்துப் புளியமரத்தைக் காலையிலிருந்து சுற்றுவாள். மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவாள். இன்றைக்கு இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொல்கிறார்கள். அன்றைக்கு எங்கள் யாருக்கும் அந்தச் சொல் தெரியாது. மலைக்காரர்கள், "அவ ஒரு மாதிரி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். படித்த நாங்கள்தான் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

அவளைக் கொண்டுவந்து விட்டவள் அவள் அம்மா காளியம்மா.

"சாரு, இவளுக்குப் படிப்பு வராட்டியும் போவட்டும். இங்க நாலு புள்ளைங்களோட இருக்கட்டும். வூட்ல வுட்டா காட்டுல எறங்கிடறா. தூண்ல கட்டிப் போட்டுட்டுத்தான் நான் கொல்லி வேலைக்குப் போறேன்."

பிள்ளையின் கணுக்காலில் கயிற்றுத் தடம் இருந்தது. காளியம்மா அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. ஹெட்மாஸ்டரும் இரக்கமில்லாதவர் அல்ல. "இருக்கட்டும், பார்க்கலாம்" என்றார். ஆனால் மேலதிகாரி என்றால் அவருக்குப் பயம்.

2. கலந்துகொள்வது எப்படி என்று நாங்கள் முடிவு செய்தது

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஊனமுற்ற குழந்தைகளை மற்ற குழந்தைகளோடு சேர்த்து விளையாட்டு விழா நடத்த வேண்டும், பெரிய அதிகாரி நேரில் வருவார். உடனே ஸ்டாப் மீட்டிங். டீ குடித்து, வடை தின்று, ஒருமனதாக முடிவெடுத்தோம். அந்தக் குழந்தைகள் மேடையில் மாலையோடு உட்கார வேண்டும். மற்ற குழந்தைகள் வெயிலில் வரிசையாக நிற்க வேண்டும். விளையாடப் போவது அதிகாரிகள்!

"அந்தப் புள்ளைங்க எப்ப சார் விளையாடுவாங்க?" என்று கேட்டேன்.

"விளையாடி விழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது? உக்காந்து கை தட்டட்டும். அதுவும் கலந்துக்கறதுதான்" என்றார் ஹெட்மாஸ்டர்.

மேடைக்குப் பிள்ளை தேடினோம். போலியோவால் கால் சூம்பிய பையன் ஒருவன், காது கேளாத பெண் ஒருத்தி. ஆனால் பரிசுக்கு மூன்று பிளாஸ்டிக் குடம் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது குடத்துக்காகப் பூங்காவனத்தைச் சேர்த்தார்கள். "கை, கால், கண்ணு, காது எல்லாம் நல்லாத்தானே கீது? பார்த்தா தெரியவே தெரியாதே" என்று ஹெட்மாஸ்டருக்கு மட்டும் மனக்குறை.

காளியம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இங்க பாரும்மா, அன்னிக்கு உம் பொண்ணு கத்தி கலாட்டா பண்ணா, மறுநாள்லேர்ந்து இட்டுனு வராதே. என் வேலையே பூடும்."

காளியம்மா குனிந்து பிள்ளையின் கணுக்காலைப் பார்த்தாள்.

பூங்காவனத்தை நாற்காலியில் உட்கார வைக்கப் பழக்குவது என் பொறுப்பு. விசில் ஊதிப் பார்த்தேன், ஓடிப்போனாள். மிட்டாய் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு ஓடிப்போனாள். சாயங்காலம் தேடிக்கொண்டு போனால், பாறைக் களத்தில் பிள்ளைகளோடு இருந்தாள். மலையில் சாமைக் கதிரைக் களத்தில் பரப்பி, மாடுகளைச் சுற்றிச் சுற்றி நடக்க விட்டு மிதிக்க வைப்பார்கள். பிள்ளைகள் அதையே விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சாக்கு, அதுதான் கதிர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாகச் சுற்றினால் அதுதான் மாடு. சளைக்காமல் சுற்றுவதால் முன்மாடு எப்போதும் பூங்காவனம்தான். அவள் எந்தக் கட்சிக்கு என்று அடிதடியே நடந்தது. அவளைச் சேர்த்துக்கொள்ள யாரும் ஸ்டாப் மீட்டிங் போடவில்லை.

நான் பி.டி. படித்தவன். விசில் இல்லாததை விளையாட்டு என்று எப்படி ஒப்புக்கொள்வது? பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

3. விழா

மலைக்குக் கீழே ஒடுகத்தூரிலிருந்து மைக் செட் வந்தது. புளியமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். அதிகாரி வந்து, மாலைகள் விழுந்து, இசை நாற்காலிப் போட்டி ஆரம்பமானது. தாசில்தார் ஆபீஸ்காரர்கள், எங்கள் வாத்தியார்கள், நடுவில் பெரிய அதிகாரி. பாட்டு ஓடும்வரை நாற்காலிகளைச் சுற்ற வேண்டும், நின்றதும் உட்கார வேண்டும். நாற்காலியைப் பிடிப்பது அவர்களுக்குப் புதிய வேலை அல்ல, உற்சாகமாகத்தான் சுற்றினார்கள்.

பாட்டு அலறியதும் பூங்காவனமும் அலறினாள். மாலையைப் பிய்த்து எறிந்தாள். காதைப் பொத்திக்கொண்டு மேடையிலிருந்து குதித்தாள். ஹெட்மாஸ்டர் முகம் வெளுத்தது. கூட்டத்தின் ஓரத்தில் காளியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்தக் கயிற்றுத் தடம்தான் கண்ணில் வந்தது. மைக் செட்காரரிடம் ஓடினேன்.

"நிறுத்துய்யா!"

"இப்பதானே சார் போட்டேன்?"

ஒயரை நானே பிடுங்கினேன்.

பாட்டு நின்றதும் அதிகாரிகள் விழுந்தடித்து உட்கார்ந்தார்கள். அமைதி வந்ததும் பூங்காவனம் காதிலிருந்து கையை எடுத்தாள். எதிரே வட்டமாக நாற்காலிகள். நடக்க ஆரம்பித்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. வெயிலில் நின்ற பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஓடிவந்து ஒருத்தி அவள் இடுப்பைப் பிடித்தாள், அவள் பின்னால் இன்னொருத்தன். காது கேளாத பெண் மேடையிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தாள். சூம்பிய காலோடு அந்தப் பையன் மாடு ஓட்டுகிறவனாகி, களத்தில் கதிர் மிதிக்கும்போது கத்துவதுபோல் "பொலியோ பொலி!" என்று கத்தினான். நடுவில் சாமைக் கதிராக எங்கள் அதிகாரிகள். எழுந்தால் நாற்காலி போய்விடும் என்று ஒருவரும் எழவில்லை.

"இன்னா ஐட்டம் இது?" என்றார் பெரிய அதிகாரி.

ஹெட்மாஸ்டர் கண் இமைக்கும் நேரத்தில் மீண்டார். "சார், மலைப் பாரம்பரிய ஆட்டம். எல்லாப் பிள்ளைங்களும் சேர்ந்து ஆடணும்னு ஸ்பெஷலா ப்ராக்டீஸ் குடுத்தோம்."

"பிரமாதம்! வருஷா வருஷம் இது இருக்கணும்."

கூட்டம் கலைந்த பிறகு காளியம்மா தயங்கித் தயங்கி வந்தாள். கையில் மூன்றாவது குடம்.

"சாரு, நாளைக்கு இட்டுனு வரலாமா?"

"இன்னாம்மா கேள்வி இது? முன்மாடு இல்லாம ஐட்டம் எப்டி நடக்கும்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

காளியம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், விசிலைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டு.

மறு வருஷம் மற்ற பள்ளிகளுக்கும் அந்த ஆட்டம் உத்தரவாகப் போனது. சிறப்பு விருந்தினர் நடுவில் அமர வேண்டும் என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

நான் கற்ற பாடம் சிறியது. ஒரு பிள்ளையை நம் விளையாட்டுக்குக் கூப்பிடும் முன், அது ஏற்கெனவே யாரோடு என்ன விளையாடுகிறது என்று போய்ப் பாருங்கள். போன மாதம் வேலூரில் ஆட்டிசம் குழந்தைகளுக்கு விழா என்று என்னைப் பேச அழைத்தார்கள். குழந்தைகள் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கர் காதைக் கிழித்தது. ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டிருந்தது.

நான் மேடை ஏறவில்லை. மைக் செட்காரர் எங்கே என்று தேடிப் போனேன்.