நிங் ஷுவாங் எண்ணிய எட்டு இழைகள்

நடிகை நிங் ஷுவாங்கின் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மூன்றை விடுவதில்லை. அரண்மனையில் வாய் திறவாமலே சாகிற ராணியாக அவள் வந்தது ஒன்று. ஷாங்காய் பஞ்சாலைப் பெண்ணாக வந்தது இன்னொன்று. மூன்றாவது, ஷான்சி மாநிலத்தில், எங்கள் ஊரில் எடுத்தது. காணாமல் போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒரு குடியானவப் பெண்ணின் கதை. அதில் அவள் ஒரு கிண்ணத்துக்குள் நூடுல்ஸ் இழைகளை எண்ணிப் போடுவாள். அந்த ஒரு காட்சிக்காகவே வெளிநாட்டில் பரிசு கிடைத்ததாகப் பேசிக்கொண்டார்கள். நடிகையின் சொந்தக் கற்பனை என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. மறுத்து எழுத வேண்டியவளுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது.

அவள் பெயர் தாங் சாய்யே. எனக்கு அடுத்த வீடு. கட்டை குட்டையான உருவம். நடக்கும்போது இடது தோள் ஒரு பக்கம் இறங்கும். சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். கணவன் லெய் ஷுவான்லாவ் வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, முதுகு போனபின் ஊர் திரும்பியவன். ஒரு மகள், ஒரு மகன். இருவரும் அப்போது பள்ளியில்.

நடிப்பதற்கு முன்னால் அந்தந்த ஊரில் தங்கி, அங்குள்ளவர்கள் போலவே வாழ்ந்து பழகுவது அன்றைய வழக்கம். தொண்ணூற்றிரண்டாம் வருஷக் குளிர்காலத்தில் நிங் ஷுவாங் சாய்யே வீட்டுக்கு ஒரு மாதம் வந்து தங்கினாள். சாய்யேயின் பழைய பஞ்சுக்கோட்டை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே அலைந்தாள். நடையைப் பிடித்தாள், இறங்கிய தோளைப் பிடித்தாள், தும்மலைக்கூட விடவில்லை. மாவு பிசைவது மட்டும் வரவில்லை.

"அண்ணி, இது ஏன் கையிலயே ஒட்டுது?"

"மாவுக்கே உன்னைப் புடிச்சுப் போச்சு போல. ஊரே மயங்குதே, மாவு மயங்கக் கூடாதா?"

எங்கள் பக்கத்து நூடுல்ஸ் இடுப்புக் கச்சை அகலம் இருக்கும். ஒவ்வொரு இழையையும் பலகையில் அடித்து, கையால் இழுத்து நீட்ட வேண்டும். பிறந்தநாளன்று அதை அறுக்காமல் நீளமாகப் போட்டுச் சாப்பிட்டால் ஆயுள் நீளும். எங்கள் சந்திரக் கணக்கில் பத்தாம் மாதம் பதினோராம் தேதி மத்தியானம் சாய்யே எல்லோருக்கும் சமைத்து முடித்தபின் தனியாகக் கொஞ்சம் மாவு எடுத்தாள். சரியாக எட்டு இழை இழுத்து, ஒரு முட்டையை உடைத்துப் போட்டு, கதவுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

ஷுவான்லாவ் எட்டிப் பார்த்தான். "எட்டே இழையா? கோழிக்குக்கூடப் பத்தாது. உங்கம்மா பிறந்தநாளுன்னா நாலு இழை கூடத்தான் போடேன். செத்தும் பட்டினியா அவங்க?"

"உன் வேலையைப் பாரு, பிள்ளைங்க அப்பா."

அவன் போனதும் நிங் ஷுவாங் பக்கத்தில் வந்து குந்தினாள். "அண்ணி, செத்தவங்களுக்கு யாரு ஆயுசு நூடுல்ஸ் போடுவா?"

எட்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. சாய்யே கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னது போலவே.

ஷுவான்லாவ் சுரங்கத்தில் இருந்தபோது இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தது. அரசாங்கம் இரண்டு பிள்ளைக்கு மேல் விடாது, அதை வைத்துக்கொண்டால் ஆண்பிள்ளைக்கு அனுமதி கிடைக்காது என்றாள் மாமியார். மூன்றாம் நாள், வெய் நதிக்கு அக்கரையில் செங்கல் சூளை ஊரில் பிள்ளையில்லாத தம்பதிக்கு மருத்துவச்சி மூலம் கொடுத்துவிட்டார்கள். புத்தாண்டுக்கு வந்தவனிடம் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார்கள். கைக்குழந்தைக்குக் கல்லறை கட்டுகிற பழக்கம் எங்களிடம் இல்லை. அதனால் எங்கே புதைத்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்தாள். அந்த வீட்டில் ரகசியம் சாய்யே ஒருத்தியிடம் தங்கியது, வருஷத்துக்கு ஒரு இழையாக.

"அவருக்குத் தெரிஞ்சா?"

"இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன். அந்தாளு அடிக்கிறவரு இல்ல. என் முகத்தைப் பார்க்க மாட்டாரு. அதான் பயம்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அண்ணி."

நிங் ஷுவாங் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். இன்றுவரை யாரிடமும் அவள் சொல்லவில்லை. செய்து காட்டிவிட்டாள்.

அடுத்த வருஷம் சோள அறுவடை முடிந்த கையோடு படம் வட்டத் தலைநகர் அரங்கத்துக்கு வந்தது. கைப்பிடி டிராக்டர் வண்டிகளில் நெருக்கியடித்துக்கொண்டு பகல் காட்சிக்கு ஊரே போனோம். முதல் அரைமணி யாரும் கதையைப் பார்க்கவில்லை.

"ஏய், அது என் ஆடு! அந்த வெள்ளை ஆடு!"

"உன் ஆட்டைவிட உன் முதுகு நல்லா நடிச்சிருக்கு. வாயை மூடு."

"சாய்யே, உன் நடைடி! தோளைப் பாரு, தோளை!"

சாய்யே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் ஷுவான்லாவ் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். அப்போது திரையில் நிங் ஷுவாங் அடுப்பங்கரைக்கு வந்தாள். மாவை இழுத்தாள். கிண்ணத்துக்குள் ஒவ்வொன்றாக விட்டு, மெல்லிய குரலில் எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. கணவன் போன வருஷங்களை எண்ணுகிறாள் என்று பின் வரிசையில் யாரோ விம்மினார்கள். ஐந்துக்கு விதை கடிக்கும் சத்தம் நின்றது. எட்டு என்று சொல்லிவிட்டு நடிகை முட்டையை உடைத்தாள், கதவுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

சாய்யே பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் ஊர் படத்தைப் பற்றியே பேசியது. வீட்டு முற்றத்தில் இறங்கியதும் ஷுவான்லாவ் அவளிடம் கேட்டதை நான் மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"போன வருஷம் நீ போட்டது எட்டு."

"ம்."

"அதுக்கு முந்தி?"

"ஏழு."

"முதல் வருஷம்?"

"ஒண்ணு."



"அது உங்கம்மாவுக்கு இல்ல."

"இல்ல."

"உசிரோட இருக்காளா?"

"இருக்கா."

அவன் கத்தவில்லை. கோவேறு கழுதைக் கொட்டகைக்குப் படுக்கையைத் தூக்கிக்கொண்டு போனான். ஐந்து வாரம் அங்கேதான். சாப்பாட்டுக் கிண்ணத்தை வாங்கிப்போய் மதிலோரம் குந்திச் சாப்பிடுவான். சாய்யே பயந்தது போலவே அவள் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவள் துணிகளை மூட்டை கட்டிக் கதவருகே வைத்திருந்தாள். பதினோராம் தேதிவரை இருப்பேன், அப்புறம் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. அவள் சிரிப்புச் சத்தம் கேட்டு அப்போது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்தத் தேதி வந்தது. காலையிலேயே மாவு பிசைந்து, ஒன்பது இழை இழுத்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனவளை ஷுவான்லாவ் மறித்தான்.

"எந்த வீடு?"

"சூளைக்கு மேற்கே. இலந்தை மரம் நிக்கிற வீடுன்னு மருத்துவச்சி சொன்னா. நான் போனதில்ல."

அவன் கிண்ணத்திலிருந்ததை மூடி போட்ட எனாமல் தூக்கில் கவிழ்த்தான். அதைப் பஞ்சுக்கோட்டில் சுற்றினான். முதுகு வளையாத மனுஷன் சைக்கிளில் ஏறிப் போனான்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினான். தூக்கு காலி. சாய்யே அதைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். வழியில் நாய்க்குப் போட்டுவிட்டு வந்தானோ என்று அப்போது அங்கே இருந்த நான்கூட நினைத்தேன். அவளும் நினைத்திருப்பாள்.

"அவளை வளர்க்கிற அம்மா உள்ள விட்டா," என்றான். "சொந்தக்காரருன்னு சொல்லிக் குடுக்கச் சொன்னா. இந்த ஒரு தடவைதான், இனிமே இந்தப் பக்கம் வராதீங்கன்னுட்டா. நான் சரின்னுட்டேன்."

"சாப்பிட்டாளா?"

"ஒம்போதும்."

"ஏதாச்சும் சொன்னாளா?"

ஷுவான்லாவ் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். "உப்பு ஜாஸ்தியாம்."

சாய்யே அடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இப்படி ஒரு குறையைக் கற்பனை செய்து சொல்ல அந்த மனுஷனுக்குத் தெரியாது. மூட்டையை அவன்தான் பிரித்தான். கொட்டகைப் படுக்கை வீட்டுக்குள் வந்தது.

பிறகு நிங் ஷுவாங் எத்தனையோ படங்களில் நடித்தாள். எதையும் சாய்யே தவறவிடவில்லை. எப்போதாவது நிருபர்கள் வந்து அந்த நடிகையைப் பற்றிக் கேட்பார்கள். "நல்ல பொண்ணு, மாவு மட்டும் பிசைய வராது" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

கொடுத்த வாக்குப்படி இருவரும் அக்கரைக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் அதே தேதியில் சாய்யே பத்து இழை இழுத்தாள். ஷுவான்லாவ் பக்கத்தில் நின்று எண்ணினான். அவள் உப்பைக் குறைத்துப் போட்டாள்.