அம்மா விதைக்காத மேடு

இன்று காலை, மல்லாங்கிணற்றுக்குத் தெற்கே எங்கள் புஞ்சையில் தோண்டிய அகழாய்வுக் குழியில், ஒருவர் முதுமக்கள் தாழியின் விளிம்பை மெல்லத் தட்டினார். சிறுவயதில் அம்மாவின் களைக்கொத்து பட்டு எழுந்த அதே ஒலி. அந்த ஒலி கேட்ட மேட்டில் அம்மா விதைக்கவே மாட்டாள்.

ஒருநாள் பட்டாசுக் கம்பெனி கட்டடத்துக்கு மண் அள்ள டிராக்டர் வந்தது. அம்மா குறுக்கே நின்றாள்.

"இங்கன ஆளுக படுத்திருக்காக, அண்ணாச்சி."

"எம்புட்டு வருசமாத் தூங்குறாக, தாயி?" டிரைவர் சிரித்தார்.

"நீங்களே எழுப்பிக் கேளுங்க."

டிராக்டர் லோடு ஏற்றாமலே திரும்பியது.

"சுற்றிலும் எல்லா மேட்டையும் அள்ளிட்டாங்க. இது மட்டும் எப்படித் தப்பிச்சது?" என்று அகழாய்வு அதிகாரி கேட்டார்.

அம்மாவின் பெயரைச் சொன்னேன். குறிப்பேட்டில் அவர் அதைப் பிழையின்றி எழுதியதைப் பார்த்த பிறகே அங்கிருந்து நகர்ந்தேன்.