திரையில்லாத கணினியில் திறந்த ஜன்னல்

தொண்ணூற்றெட்டில் ஷீனாவுக்குப் பாதித் தூக்கம் பஸ்ஸிலேதான். தனுவச்சபுரத்தில் ஏறினால் நெய்யாற்றின்கரை தாண்டுமுன் கண் செருகிவிடும், விழித்தால் திருவனந்தபுரம். அங்கே ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் அவள் புரோகிராமர். விண்டோஸ், யூனிக்ஸ் இரண்டிலும் ஓடும் மென்பொருள்களை எழுத உதவும் நிரல் நூலகம் ஒன்றை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு புகார் வந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் சர்வரில் நிரல் சிறிது நேரம் ஓடி, சத்தமில்லாமல் உறைந்துபோகிறது. தேடித் தேடிக் கடைசியில் ஷீனா கண்டுபிடித்தாள். நெட்வொர்க் தொடர்பு அறுந்ததும், அதைக் கவனிக்கும் பகுதி நிரலே திரையில் ஒரு சின்ன அறிவிப்பு ஜன்னலைத் திறந்து, யாராவது ‘சரி’ பொத்தானை அழுத்தக் காத்திருந்தது. சர்வரிலோ திரையே கிடையாது.

மாலை பஸ்ஸில் மழைக்குத் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தார்கள். அரைத் தூக்கத்தில், ஆளில்லாத அறையில் அந்த ஜன்னல் மங்கலாக ஒளிர்ந்து நிற்பதைக் கண்டாள். யாரோ வருவார்கள் என்று அது பொறுமையாக நம்பிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. கண் விழித்தபோது தன் ஊர் தாண்டி, பஸ் பாறசாலையில் நின்றது.

திரும்பும் பஸ்ஸுக்காக நனைந்தபடி நின்றபோது யோசனை தெளிந்தது. கம்பி வழியே பேசும் நிரலுக்கு ஜன்னல் என்று ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. நடந்ததைச் சொல்லிவிட்டு அது தன் வேலையைப் பார்க்கட்டும். அதைக் கேட்டுக்கொள்வது ஜன்னலோ, வெறும் கோப்போ, யாராகவும் இருக்கட்டும்.

“ஓடிட்டு இருக்கியதை என்னத்துக்குத் தொடணும்?” என்றார், மறுநாள் அவள் சொன்னதைக் கேட்ட மேலாளர் ராஜதாஸ்.

“ஓடல்ல சார், நிக்குது. அதாக்கும் பிரச்சினை.”

அவர் அரைமனதாகச் சம்மதித்தார். நெட்வொர்க் நிரலையும் ஜன்னல் நிரலையும் பிரிக்கப் பிரிக்க எல்லாம் உடைந்தது. யூனிக்ஸில் எழுத்துகளே மறைந்துபோயின. ஓணம் கழிந்து ஒரு மத்தியானம், கணினியின் நெட்வொர்க் கம்பியை அவளே பிடுங்கினாள். திரையிலிருந்த ஜன்னல் உறையவில்லை. சுட்டியால் அதை இழுத்தாள். குளத்தில் மிதக்கும் இலைபோல எல்லாப் பக்கமும் நகர்ந்தது. சோதனைக்கு வைத்திருந்த திரையில்லாத சர்வரோ கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு, மறுபடி இணைய முயன்றது.

“இதுமாதிரி ஒட்டிக்கிடக்கியது வேற எங்கெல்லாம் உண்டு?” என்று கேட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார் ராஜதாஸ்.

வீட்டுக்கு வந்ததும் ஷீனா சொன்னாள்: “அம்மா, இன்னைக்கு ரெண்டு பேரைப் பிரிச்சு விட்டேன்.”

விஜயம்மா பதறிப்போனாள். “ஆரை மக்கா? நல்லா இருந்தவங்களையா?”

“ஒருத்தருக்காக ஒருத்தர் மூச்சு விடாம நின்னாங்க. இப்போ ரெண்டு பேருக்கும் சுகம்.”

“பேச்சு வார்த்தை உண்டா?”

“விசேஷம் உண்டுன்னா சொல்லி அனுப்புவாங்க.”

“அப்போ கொள்ளாம், நல்லதுதான்” என்றாள் விஜயம்மா, நிம்மதியாக.