பொட்டு வைக்கிற இடம்

இந்த ஊரில் தேநீரை நீட்டும்போது கூடவே கண்ணையும் நீட்ட வேண்டும். கல்யாணமாகிக் கடல் தாண்டி நான் வந்த இந்தக் கேமரன் மலையில், நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குள் சுற்றுலாக்காரர்களுக்கென்று ஒரு தேநீர்க்கடை இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஸ்ட்ராபெரி கேக்கைக் காட்டி, இன்று செய்ததா என்று கேட்டார். கோப்பையைப் பார்த்தபடி "யெஸ் மேடம்" என்றேன். மறுபடி கேட்டார். தரையைப் பார்த்து இன்னும் பணிவாகச் சொன்னேன். தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்திலிருக்கும் கியா பார்ம் தோட்டத்திலிருந்து காலையில் வந்த பழத்தில், என் எதிரிலேயே செய்த கேக் அது. நான் கொடுத்த மரியாதையை அவர் பொய் என்று எடுத்துக்கொண்டார்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் வீட்டில், அப்பாவின் முகத்தைவிட அவருடைய செருப்புதான் எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன் நூல் மில்லில் வேலை பார்த்தபோது, சூப்பர்வைசர் திட்டும் நேரத்தில் ஒருநாள் தெரியாத்தனமாக நிமிர்ந்துவிட்டேன். "என்ன, மொறைக்கிறியா?" என்று அதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது. குனிந்தே பழகிய கழுத்து விமானம் ஏறினால் மட்டும் நிமிர்ந்துவிடுமா?

கைகொடுத்தவள் சரசு, என் கணவரின் தங்கை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சின் முடிவில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும். அதே கடையில் எனக்கு முன்பிருந்தே வேலை பார்க்கிறாள், எங்களோடுதான் இருக்கிறாள். கேக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கண்ண பாக்க கூச்சமா இருந்தா நெத்திய பாருங்க அண்ணி. பொட்டு வைக்கிற எடம் இருக்குல்ல, அங்க பாத்து பேசுங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது லா."

வீட்டில் வெங்காயம் உரித்தபடி அவளே வெள்ளைக்காரியாக நடித்து எனக்குப் பயிற்சி கொடுத்தாள். கடைக்கு வருகிறவர்கள் நெற்றியிலெல்லாம் மனசுக்குள் ஒரு பொட்டு வைத்தேன். சீனத் தாத்தாவுக்குக் குங்குமம், தாடிவைத்த வெள்ளைக்காரருக்குச் சாந்து. கேக் விற்றது. வீடியோ காலில் அம்மாவையும் அப்படியே பார்த்துவிட்டேன். "என்னடி இப்படி உத்துப் பாக்குற? அங்க போயி ரொம்பத்தான் மாறிட்ட" என்றாள்.

மூன்றாம் மாதம், எங்கள் இருவரில் முன் கவுண்டரில் நிரந்தரமாக ஒருவர்தான், மற்றவர் பின்னால் கோப்பை கழுவ வேண்டும் என்று பேச்சு வந்தது. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று வெறியாகவே இருந்தது. இந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் நான் குமார் பொஞ்சாதி. கவுண்டரில் நின்றால்தான் என் சட்டையில் தனலட்சுமி என்று பெயர் குத்தியிருக்கும். சரசுவிடம் மட்டும் இதைச் சொன்னேன். "ஒங்களுக்குத்தான் அண்ணி கெடைக்கும்" என்றாள்.

மேனேஜர் மலைக்குக் கீழே ஈப்போ நகரத்துத் தமிழர். இன்னும் அவரைத் துரை என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் என்னை அழைத்துச் சொன்னார்:

"முன்னாடி சரசுவ போட்டிருக்கேன் மா. நீங்க கஸ்டமர் கண்ணையே பாக்க மாட்டீங்களாமே, நெத்தியத்தான் பாப்பீங்களாமே? சரசு சொன்ன பெறகுதான் கவனிச்சேன். ஒரு மாதிரியா இருக்கு லா. கொஞ்ச நாள் பின்னாடி இருங்க."

துரோகம் என்பது பெரிய சண்டைகளுக்குரிய சொல் என்று நினைத்திருந்தேன். என் குறையை மறைக்கக் கற்றுக்கொடுத்தவளே, அதைத் திறந்தும் காட்டிவிட்டாள். நேரே கவுண்டருக்குப் போனேன்.

"நீயா சரசு சொன்ன?"

அவள் நெற்றியை அல்ல, கண்களையே பார்த்துக் கேட்டேன். கட்டிய கணவரைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

"நா எதுக்கு அண்ணி சொல்லப்போறேன்?"

குரல் பிசகவில்லை, இமை அசையவில்லை. ஆனால் அவள் பார்வை என் பொட்டின் மேல் இருந்தது.

இப்போதும் ஒரே வீட்டில்தான் சாப்பிடுகிறோம். அவள் முன்னால் நான் பொட்டு வைத்துக்கொள்வதில்லை. அவள் பார்வை ஒதுங்க என் முகத்தில் இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் வெறும் நெற்றியைக் கண்டால் அம்மா பதறுவாள். அதனால் ஊரிலிருந்து அழைப்பு வந்தால், கண்ணாடியில் ஒட்டிவைத்த பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திப் பேசுகிறேன். வாசலில் சரசுவின் செருப்புச் சத்தம் கேட்டதும், பிய்த்துத் திரும்பக் கண்ணாடியிலேயே ஒட்டிவிடுகிறேன்.