பூசாத கட்டை

தொண்ணூறுகளில், பொம்மனஹள்ளிக்கு அப்பால் ஒரு சவுக்குத் தோட்டத்தில், வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளுக்கு மருந்து பூச ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள். மரத்தூளை உள்ளங்கையால் துடைத்துவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவார். நான் மேஸ்திரி, உட்கார்ந்தபடி அதட்டுவது என் உத்தியோகம்.

"லாரி கிளம்புதுய்யா. மிச்சத்த நாளைக்குப் பூசிக்கலாம், ஏறு."

"வெட்டின அன்னிக்கே பூசணும் மேஸ்திரி. இல்லன்னா பூஞ்சை எறங்கி, வேர் வழியா பக்கத்து மரத்தையும் அழுக வெச்சிடும். நீங்க போங்க, நான் நடந்தே வரேன்."

"இப்ப ஏறலன்னா நாளைக்கு உனக்கு வேலை கிடையாது, தெரியும்ல?"

"பரவால்ல. மொதல்ல எந்திரிங்க. நீங்க உக்காந்திருக்கறதும் பூசாத கட்டைதான்."

எழுந்தேன். லாரி போய்விட்டது. மருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். அன்று யார் மேஸ்திரி என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.