“இல்லைன்னு சொல்லு”

இது நடந்தது. நடு இரவில் அல்ல. மாலை நாலேகாலுக்கு, குழல்விளக்கு பளிச்சென்று எரிந்த அறையில். என்மீதே எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. அதனால் அக்காவிடமும் பரிசோதனை செய்த பெண்ணிடமும் கேட்டுச் சரிபார்த்த பிறகே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு தலைசுற்றல் என்னை வாட்டி எடுத்தது. மாலை வகுப்புக்குப் போகும் படிக்கட்டில் இரண்டு முறை சுருண்டு விழுந்தேன். இடது உட்காதில் சமநிலையைக் காக்கும் பகுதியை அறுவை செய்து எடுத்தார்கள். சுற்றல் நின்றது. அந்தக் காது அதோடு செவிடானது. இப்போது வலது காதும் மங்கி வருகிறது. இடது பக்கச் செவி நரம்பு இன்னும் உயிரோடு இருந்தால், அந்தக் காதுக்குள் கேட்க உதவும் கருவி பொருத்தலாம். செத்திருந்தால், ஒருநாள் எனக்கு எதுவுமே கேட்காது.

அதைக் கண்டறியத்தான் பரிசோதனை அறையின் அந்த நாற்காலி. இடது காதுக்குள் மெல்லிய ஊசி வைத்து மின்துடிப்பு கொடுப்பார்கள். வலது காது குறுக்கே வராமல் இருக்க, ஹெட்போனில் மழைபோல ஓர் இரைச்சல். இடது பக்கம் ஏதாவது கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும்.

“பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்கோ. நகத்தால மட்டும் கிள்ளிடாதடி,” என்றாள் அக்கா.

இரைச்சல் தொடங்கியது. கண்ணை மூடினேன்.

டுக்... டுக்...

இடது பக்கம்! எத்தனை மாதம் கழித்து! அழுத்தப் போனேன்.

“இல்லைன்னு சொல்லு.”

பெண் குரல். தொண்டை கட்டிய குரல். கண் திறந்தேன். அக்காவின் வாய் மூடியிருந்தது. பரிசோதனை செய்யும் பெண் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டுக்...

“ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லு. புரியுதா?”

நரம்பு செத்துப்போய், நானாகக் கற்பனை செய்கிறேனோ?

டுக்...

குரல் நெருங்கியது. அதன் மூச்சு காதுக்குள்ளேயே...

“கையை எடு. புரியுதா?”

கட்டைவிரல் மரத்துப்போனது.

பயம்தான். ஆனால் அதைவிடக் கோபம்.

இது என் காது. நீ யார் சொல்ல?

“கேக்குது!” என்று கத்தினேன்.

அழுத்தினேன். ஒவ்வொரு துடிப்புக்கும் அழுத்தினேன்.

குரல் நின்றது.

பரிசோதனை செய்த பெண் ஹெட்போனைக் கழற்றினார். “நரம்பு ஜம்முனு இருக்கும்மா. எதுக்கு அப்படிக் கத்துனீங்க?”

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“குரல் எப்படி இருந்துச்சு?”

“தொண்டை கட்டுன மாதிரி. எதுக்கெடுத்தாலும் ‘புரியுதா’ன்னு கேட்டுச்சு.”

அவர் நாற்காலியையே பார்த்தார். சென்ற ஆண்டு அதில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் டீச்சராம். எல்லாத் துடிப்புக்கும் ‘இல்லை’ என்றே சொன்னாராம். அதனால் கருவி பொருத்தவில்லை. பிறகு மற்ற காதும் போய், போன மாதம் இறந்தும் போனாராம்.

“பேச்சுக்குப் பேச்சு ‘புரியுதா’ம்பாங்க. அன்னைக்கு உங்களுக்கு நிஜமாவே எதுவும் கேக்கலையான்னு ஒருநாள் எழுதிக் காட்டினேன்...”

“என்ன சொன்னாங்க?”

“துடிப்பு நல்லாவே கேட்டுச்சாம். யாரோ ஒரு ஆம்பளை, காதுக்குள்ள வந்து, இல்லைன்னு சொல்லச் சொன்னாராம்.”

அக்காவின் நகம் என் கையில் பதிந்தது.

அடுத்த வாரம் எனக்குக் கருவி பொருத்துகிறார்கள். டீச்சர் வந்தால் வரட்டும். எனக்கும் அவரிடம் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்களிடம் சொன்னது யார், டீச்சர்?