சாமிக்கு விட்ட சேவலும் சங்கு ஊதாத நாளும்

மரநாய்க்கு மஞ்சள் துணியின் அர்த்தம் தெரியாது. எங்கள் வீட்டில் இது யாருக்கும் முதலில் உறைக்கவில்லை.

என் கொழுந்தன் பட்டாளத்துக்குப் போன வருடம், கருப்பசாமிக்கு நான் ஒரு கருஞ்சேவல் நேர்ந்துவிட்டேன். ஆள் நல்லபடியாக லீவில் வீடு வந்து சேர வேண்டும், வந்ததும் சேவலைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று வேண்டுதல். சாமிக்கு விட்ட சேவல் என்றால் எங்கள் பக்கத்தில் காலில் மஞ்சள் துணி கட்டிவிடுவோம். அதற்குப் பிறகு அதை யாரும் தொட மாட்டார்கள். கோழி திருடுவதையே தொழிலாக வைத்திருப்பவன்கூட துணியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவான். அந்தத் தைரியத்தில் நாங்கள் மூங்கில் பஞ்சாரத்தைச் சேவல்மேல் கவிழ்த்து, ஒரு கல்லைத் தூக்கி மேலே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். காலையில் பார்த்தால் பஞ்சாரம் ஒரு பக்கம் உருண்டு கிடக்கிறது, கல் ஒரு பக்கம் கிடக்கிறது. நடுவில் கொஞ்சம் கறுப்பு இறகும் அந்த மஞ்சள் துணியும் மட்டும்.

நான் முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு சேவலுக்கா இந்த அழுகை என்று யாரும் கேட்கவில்லை. எதற்கு அழுகிறேன் என்று தெருவுக்கே தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்து ராஜபாளையத்தில் வாக்கப்பட்டவள் நான். கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டில் மாமனாரும் இல்லை, மாமியாரும் இல்லை. இருந்தது அண்ணனும் தம்பியும்தான். அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், நூல் மில்லில் மிஷின் பிட்டர். தம்பி பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சோறு போட்டவள் நான், அவன் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டுப் பின்சுவர் ஏறிக் குதித்து வரும்போது அண்ணனுக்குத் தெரியாமல் அடுப்படிக் கதவைத் தாழ் போடாமல் வைத்தவளும் நான். அவன் "மதினி" என்று கூப்பிட்டால் என் சொந்தத் தம்பி கூப்பிட்டதுபோல இருக்கும். அப்படிப்பட்டவன் திடீரென்று ஆள் எடுப்பில் நின்று, தேறி, எங்கேயோ வடக்கே பனிமலைக்குப் போய்விட்டான்.

என் வீட்டுக்காரர் பேச்சில் பெரிய கஞ்சர். தம்பி போனதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ரேடியோவில் எல்லைச் செய்தி வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். மஞ்சள் துணியைக் கையில் எடுத்துப் பார்த்த அன்றைக்குத்தான் பேசினார்.

"நீ இன்னொரு குஞ்சு கொண்டா. கூட்ட நான் பாத்துக்கிடுதேன்."

அம்மா வீட்டுக்குப் போய் ஒரு கறுப்புக் குஞ்சை வாங்கி, துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பை தானாக அசைவதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, உள்ள இருக்கிறவருக்கும் டிக்கெட் போடணுமா?" என்று கண்டக்டர் கேலி பண்ணினார். "கருப்பசாமிக்குப் போறது. போடணும்னா போடுங்க," என்றேன். மனிதர் அதற்குப் பிறகு என் சீட்டுப் பக்கமே திரும்பவில்லை.

கூடு கட்டிய கதையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். முதலில் கோழிவலை வாங்கி வந்து நான்கு கம்புகளில் அடித்தார். ஒரே வாரத்தில் ஒரு கீரி வலையைக் கடித்து விலக்கிவிட்டு, பெட்டைக்கோழி ஒன்றைக் கொண்டுபோய்விட்டது. நல்ல வேளையாகக் குஞ்சு அன்றைக்கு அடுப்படிக்குள் இருந்தது. கோழிவலை என்பது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான், வேறெதுவும் உள்ளே வராமல் இருக்க இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அத்தோடு மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய இரும்புக் கடையில் ஆங்கிள் துண்டுகளைப் பொறுக்கி வந்து சட்டம் அடித்தார். நாலு பக்கமும் கெட்டியான வெல்டு மெஷ் கம்பிவலை. கீரி மண்ணைப் பறித்துக்கொண்டு அடிவழியாக வரும் என்று முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, அந்த மெஷ்ஷை மண்ணுக்குள்ளும் இறக்கினார். உள்ளே தரைக்கு சிமெண்ட் போட்டார். மரநாய் கொய்யாமரத்திலிருந்து கூரைமேல் குதித்து ஓட்டைத் தள்ளிவிடும் என்று, ஓட்டுக்குக் கீழேயும் ஒரு வலை. பாவம், கொய்யாமரத்துக்கும் பாதிக் கிளை போனது. மில்லில் இருந்து பஞ்சுத்தூசி படிந்த தலையோடு வருவார், காபியைக் கையில் வாங்கிக்கொண்டு நேரே கூட்டுக்குப் போவார், இடுக்கு இடுக்காக விரலை விட்டுப் பார்ப்பார்.

"என் வெரலு போற எடத்துல பாம்புத் தல போகும்," என்பார். அந்த இடத்தில் மறுநாள் ஒரு தகடு ஏறியிருக்கும்.

தெருவில் கேலிக்குப் பஞ்சமில்லை. "ராசவாளையத்துல இருந்துக்கிட்டு நாய்க்குப் பஞ்சமா, ஒரு நாய வளக்கலாம்லா?" என்று ஒருவர் கேட்டார். "நாயே கோழியத் தின்னுட்டா, மரநாய் எதுக்கு?" என்று இவர் திருப்பிக் கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா சுவர்மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது கோழிக்கூடா, இல்ல டேசன் லாக்கப்பா? அந்தக் குஞ்சு அம்புட்டுப் பெரிய குத்தம் என்ன பண்ணுச்சு?" என்றாள். அன்றிலிருந்து தெரு முழுக்க அதற்கு லாக்கப் என்றே பேர்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தாழ்ப்பாள். சும்மா ஒரு கொண்டியை மாட்டினால் மரநாய் கையால் தள்ளித் திறந்துவிடும் என்று, ஸ்பிரிங் வைத்து அவரே ஒன்று செய்தார். கதவுக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கும். அதை இடது கையால் அமுக்கிக்கொண்டே வலது கையால் கம்பியைத் தூக்கிப் பிடித்துத்தான் கதவைத் தள்ளி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி முட்டிக்கொண்டு கதவு திரும்பத் திறந்துகொள்ளும். எனக்கே பழகுவதற்கு நாளாயிற்று. நகம் ஒன்று போனது. "மரநாய்க்கு வச்ச தாப்பாளா, எனக்கு வச்ச தாப்பாளா?" என்று சண்டை போட்டேன். தம்பியிடமிருந்து தகவல் வரத் தாமதமான நாட்களில் கூட்டுக்கு ஒரு போல்ட் கூடுதலாக ஏறும். அவருடைய கவலையை நான் அப்படித்தான் தெரிந்துகொள்வேன். வாயால் சொல்லத் தெரியாத மனிதர் எல்லாவற்றையும் ஸ்பானரால் முறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில்தான் அவர்மேல் எனக்குப் பிரியம் கூடியது.

சேவல் வளர்ந்தது. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு, வெயிலில் பச்சை மினுங்கும். கால் பருக்கப் பருக்க மஞ்சள் துணியை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன்.

அடைக்கும் நேரத்துக்கு எங்களுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. சாயங்காலம் மில் சங்கு ஊதும். எங்கள் தெருவே அந்தச் சங்குக்குத்தான் எழுந்தது, தின்றது, படுத்தது. சங்கு கேட்டால் உலை வைப்போம், விளக்குப் போடுவோம், கூட்டை அடைப்போம். வீட்டில் யார் காதில் முதலில் விழுகிறதோ அவர் "சங்கு!" என்று சத்தம் கொடுக்க, கையில் வேலை இல்லாதவர் போய் அடைத்துவிட்டு வருவார். ஒருநாளும் தவறியதில்லை. சங்கு ஊதாத நாள் ஒன்று வரும் என்று மட்டும் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

வந்தது. முதலாளி வீட்டுப் பெரியவர் ஒருவர் தவறிவிட்டார். மரியாதைக்காக மில்லுக்கு அன்று லீவு. மிஷினும் ஓடவில்லை, சங்கும் ஊதவில்லை. என் வீட்டுக்காரர் சுடுகாடுவரை போய்விட்டு வந்து, தலை முழுகி, இரண்டு வாய் தின்றுவிட்டு அப்படியே தூங்கிப்போனார். நான் பக்கத்து வீட்டு அக்காவோடு இழவு வீட்டுப் பேச்சில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் எங்கும் இருட்டு. சங்குதான் இன்னும் ஊதவில்லையே என்று மனசு ஒரு மூலையில் நம்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அடுப்படிக் கதவைச் சாத்தி, நன்றாகத் தாழும் போட்டுவிட்டுப் படுத்தேன்.

விடிகாலையில் சேவல் கூவித்தான் விழித்தேன். கூட்டை அடைத்தேனா? கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

லாக்கப்பின் கதவு ஒருச்சாய்ந்து நின்றது. அதை முட்டுக்கொடுத்தபடி ஒரு கறுப்புத் தகரப்பெட்டி. பெட்டியில் முதுகைச் சாய்த்து, தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு ஓர் ஆள் தரையில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு காலில் பூட்ஸ் இருந்தது, இன்னொரு காலில் இல்லை. திருடன் என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். பெட்டியின்மேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த பட்டாள நம்பரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"என்ன மதினி, அடுப்படிக் கதவுக்கெல்லாம் தாழு போட ஆரம்பிச்சிட்டிய," என்றான், கம்பளியை விலக்கி. கறுத்து, மெலிந்து, உதடெல்லாம் வெடித்துப்போய் இருந்தான். சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

திடீரென்று லீவு கிடைத்திருக்கிறது. எழுதிப் போட்டு அது வந்து சேருவதற்குள் ஆளே வந்து சேர்ந்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறான். மதுரையிலிருந்து கடைசி பஸ். வாசல் கதவைத் தட்டியிருக்கிறான். அண்ணன் போட்ட குறட்டையில் அது யாருக்கும் கேட்கவில்லை. பழக்கப்படி பின்சுவர் ஏறிக் குதித்தால் அடுப்படிக் கதவும் பூட்டு.

"சரி, விடியட்டும்னு செத்த நேரம் உக்காந்தேன். பாத்தா கோழிக்கூடு தொறந்து கெடக்கு. கொய்யாமரத்துல ரெண்டு கண்ணு மினுங்குது. இந்தக் கதவ அடைக்கலாம்னு எம்புட்டோ பாத்தேன் மதினி, எந்த மடையன் செஞ்ச தாப்பாளோ, அடைய மாட்டேங்குது. பொறவுதான் பெட்டிய வச்சு முட்டுக்கொடுத்துட்டு, கண்ணப் பாத்து ஒரு பூட்ஸ விட்டு எறிஞ்சேன்."

அந்த மடையர் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். தம்பியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பெட்டிக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற சேவலைப் பார்த்தார். கட்டிப்பிடிக்க வேண்டும் என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. தம்பி பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏலே, இங்க பாரு. கீழ ஒரு குமிழு இருக்குல்லா, அத அமுக்கிக்கிட்டு, கம்பியத் தூக்கணும். இப்படி." அமுக்கிக் காட்டினார். அவருக்கே அது அடையவில்லை. மறுபடி அமுக்கினார். தம்பி தன் கையை அந்தக் கையின்மேல் வைத்து அமுக்கினான். கதவு டக்கென்று அடைத்துக்கொண்டது. "பூட்ஸு எங்கிட்டு விழுந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் பின்சந்துக்குப் போய்விட்டார். வெகு நேரம் கழித்துத்தான் வந்தார். முகம் கழுவியிருந்தார். பூட்ஸை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே வந்தார்.

சேவல் யாருக்காக என்று அப்புறம்தான் கொழுந்தனிடம் சொன்னேன். அவன் மஞ்சள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்காகவா மதினி?" என்றான். எழுந்து போய்ச் சேவலுக்கு ஒரு கை அரிசி அள்ளி வந்து போட்டான்.

வெள்ளிக்கிழமை சோழபுரம் பக்கம் எங்கள் கருப்பசாமி கோயிலுக்குப் போனோம். எனக்கு மனசு கேட்கத்தான் இல்லை. கையில் தின்று வளர்ந்த உயிர். ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான், கொடுத்துவிட்டு வந்தோம். "யாருக்கு நேந்தது?" என்று பூசாரி கேட்டபோது என் வீட்டுக்காரர் தம்பியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

லீவு முடிந்து அவன் கிளம்பிய அன்று மத்தியானம் பஸ் ஏற்றிவிட்டு நேரே அம்மா வீட்டுக்குப் போனேன். இன்னொரு கறுப்புக் குஞ்சோடு திரும்பினேன். முற்றத்தில் உட்கார்ந்து அதன் காலில் மஞ்சள் துணியைக் கட்டினேன். என் வீட்டுக்காரர் குஞ்சை வாங்கிக் கூட்டுக்குள் விட்டார், குமிழை அமுக்கினார், கம்பியைத் தூக்கினார், கதவை அடைத்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

அப்போது கொய்யாமரத்தில் நல்ல வெயில் இருந்தது. சங்கு ஊத இன்னும் வெகு நேரம் இருந்தது.